விருந்தாளித் தண்ணீர்

புஜைராவில் பேருந்தை விட்டு இறங்கியதும் மூக்கில் ஏறியது எண்ணெய் வாடை. கடலோரம் வரிசையாக வெள்ளைத் தொட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு கல்யாண மண்டபம் அளவு. கப்பல்களுக்கு ஊற்றுகிற எண்ணெயாம். மே மாத வெயில் அதைச் சூடாக்கிச் சூடாக்கிக் காற்றில் பூசிக்கொண்டிருந்தது. கண்ணை மூடினேன். மானாமதுரை ரேஷன் கடை வந்து நின்றது.

நீல நிறச் சீமெண்ணெய். முன்னால் இருக்கிறவரின் கேனை முட்டிக்கொண்டு நிற்கும் நீண்ட வரிசை. அன்றைக்கு நான் நிற்க வேண்டியது. ஒரு கவியரங்கத்துக்கு ஓடிப்போனேன். எனக்குப் பதிலாக என் தங்கை கயல்விழி நின்றாள், எட்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையை விட்டுவிட்டு. அவள் முறை வந்தபோது கடைக்காரர் "முடிஞ்சது, போ" என்று ஷட்டரை இழுத்தார். காலிக் கேனோடு வீடு வந்த அவள் ஏதோ பெரிய கேள்வி கேட்டாள், அதுதான் பின்னால் அவளை விஞ்ஞானி ஆக்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். கேட்கவில்லை. கேனை என் காலில் எறிந்தாள். கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்டது.

இப்போது அவள் சிவகங்கைப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியை. நான் ஐம்பத்து மூன்று வயதில், நாலு வரி எழுதி மூன்றை அடிக்கிறவன். அவளுக்காகத்தான் வந்திருந்தேன். பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே அகன்ற வாய் கொண்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதில் சுத்தத் தண்ணீர். அந்தத் தண்ணீரில் மூன்று துண்டு மெல்லிய படலம். பார்த்தால் அப்பளத்துக்கு மாவு தேய்க்கிற பாலித்தீன் தாள் மாதிரி இருக்கும். அதைச் செய்ய அவளுக்கு ஆறு வருடம் ஆயிற்று.

அது என்ன வேலை செய்யும் என்று அவள் எனக்குச் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன். பகலில் வெயிலில் வரும் மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரித்தால் ஹைட்ரஜன் வரும். அதை உருளையில் அடைத்து வைக்கலாம். இரவில் அந்த ஹைட்ரஜனை ஒரு எரிபொருள் மின்கலத்துக்குள் விட்டால் மறுபடி மின்சாரம். அந்த மின்கலத்தின் நடுவே நிற்கிற வாசல்காரன்தான் இந்தப் படலம். புரோட்டானை மட்டும் உள்ளே விடுவான். எலெக்ட்ரானை வெளி வழியே சுற்றி வரச் சொல்வான். அது சுற்றி வருகிற வழியில் நம் பல்பு எரியும். வெளிநாட்டுப் படலங்கள் யானை விலை. கயலுடையது உள்ளூர்ச் சரக்கில் செய்தது.

வளைகுடாவில் ஒரு பல்கலைக்கழகம், ஆறு கல்லூரிகளிடமிருந்து இப்படி மாதிரிகள் வாங்கிச் சோதிக்கிறது. தேறினால் அடுத்த கட்ட ஆராய்ச்சியில் இடம். தேறாவிட்டால் கயலின் ஆய்வகத்தைக் கணினிப் பிரிவுக்குக் கொடுத்துவிடுவதாக அவள் கல்லூரி நிர்வாகம் எழுதியே கொடுத்துவிட்டது. போன முறை கூரியரில் அனுப்பிய படலங்கள் எங்கோ ஒரு கிடங்கின் வெயிலில் கிடந்து, அப்பளமாகவே நொறுங்கிப் போயின. இந்த முறை அவளே வர இருந்தாள். விடைத்தாள் திருத்தும் பணி, விடுப்பு கிடையாது என்றார்கள். நான் வந்தேன்.

"காயவிடாதே," என்று மூன்று முறை சொல்லி அனுப்பினாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

*

பேருந்து ஏறுமுன், விமான நிலையத்தில் சுங்கக்காரர் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார். பல்கலைக்கழகக் கடிதத்தைக் காட்டினேன். கடிதத்தைப் படித்தார், என்னைப் படித்தார், மறுபடி முகர்ந்தார். மூடியை மரையில் ஏற்றாமல் கோணலாக அழுத்திக் கொடுத்தார். நான் கவனிக்கவில்லை. சோதனை திங்கட்கிழமை. வார இறுதியைக் கழிக்கப் புஜைராவில் நைனா இருக்கிறான் என்ற நினைப்பில் இருந்தேன்.

நைனா முகம்மது கீழக்கரைக்காரன், கல்லூரியில் என்னோடு ஒரே பெஞ்ச். துறைமுகத்துக்குப் போகிற சாலையில் மளிகைக் கடை வைத்து இருபத்தாறு வருடம் ஆகிறது. கடையின் பின்னாலேயே அறை. நான் கொண்டுபோன தொதல் அல்வாவைப் பிரித்து, நின்றபடியே கால் வாசியைத் தின்று முடித்துவிட்டுத்தான், "வா மாப்ள, நல்லா இருக்கியா?" என்று கேட்டான்.

பெட்டியைத் திறந்தேன். சட்டைகள் நனைந்திருந்தன. என் கவிதை நோட்டில் மை கரைந்து, மூன்று பக்கம் ஒரே நீலக் குளம். அந்த மூன்றில் இரண்டுக்கு அது நியாயம்தான். டப்பாவில் கால் பாகம் தண்ணீர் மிச்சம். படலங்களின் மேல் முனை காற்றில் நீட்டிக்கொண்டிருந்தது.

காயவிடாதே, காயவிடாதே. குழாயடிக்கு ஓடினேன்.

"ஏய், குழாத்தண்ணியவா ஊத்தப்போறே? நில்லு," என்று கத்தினான் நைனா. "தங்கச்சி ஆறு வருசம் பாடுபட்டு செஞ்சதுன்ற. அதுக்கு இந்தத் தண்ணியா?"

கடைக்குள் போய்க் குளிர்ப்பெட்டியின் மேல் தட்டிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டில் எடுத்து வந்தான். கனமான பச்சைப் பாட்டில். மேலே பனிமலைப் படம்.

"ஐரோப்பா மலைத் தண்ணி. அரபிங்கதான் வாங்குவாங்க. என் மருமகன் வந்தாலே பாதிதான் ஊத்துவேன், கேட்டியா. ஊத்து முழுசா."

முழுசாக ஊற்றினேன். டப்பா ததும்பியது. படலங்கள் மூழ்கின. மூடியை நானே இறுக்கி, நைனாவை விட்டு மறுபடி இறுக்கச் சொன்னேன். இரண்டு பேரும் ஒரு குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்ட திருப்தியோடு வெளியே வந்து, சாலையோரக் கடையில் ஏலக்காய் தூக்கலாகக் கொதித்த கடக் டீ குடித்தோம். பரோட்டாவுக்குள் முட்டையும் நொறுக்கிய உருளைச் சிப்ஸும் வைத்துச் சுருட்டிக் கொடுத்தார்கள். நம் ஊரில் பரோட்டாவுக்குச் சால்னா ஊற்றாவிட்டால் கலவரம் நடக்கும். இங்கே அதைக் காகிதத்தில் சுற்றி, பேனா மாதிரி சட்டைப் பையில் செருகிக்கொண்டு போகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் புழுக்கம். துறைமுகத்தில் கப்பல்கள் அசையாமல் நின்றன. மலைகளில் ஒரு புல் இல்லை. காவி வேட்டியைத் துவைத்துப் பிழிந்து போட்ட மாதிரி கிடந்தன. "இந்த ஊர்ல குடிக்கிற தண்ணியே கடல்லேர்ந்து உப்பை நீக்கிக் காய்ச்சுறதுதான், மாப்ள. தொழிற்சாலை அந்தப் பக்கம் இருக்கு," என்று காட்டினான் நைனா. தலையாட்டினேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

*

திங்கட்கிழமை முதல் பேருந்தில் நகரத்துக்குத் திரும்பி டாக்ஸி பிடித்தேன். ஓட்டுநர், பெஷாவர்க்காரர், என்னைத் தவறான வாசலில் இறக்கிவிட்டார். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஏழு வாசல். நான்காவதிலிருந்து ஆறாவது வரை நடந்தேன். காலை ஒன்பதரைக்கே தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுத்தது. வழியெங்கும் சூரியத் தகடுகள். அவற்றின் இடுக்கில் முகத்தைத் துணியால் சுற்றிய ஆட்கள், நீண்ட தூரிகையால் தூசி தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒருவரிடம் வழி கேட்டேன். வங்காளதேசத்துக்காரர், இந்தியில் பேசினார். புதன்கிழமை பெரிய விருந்தாளிகள் வருகிறார்களாம், அதுவரை நாள் முழுவதும் துடைக்க வேண்டுமாம். "நமக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு, பாய். தூசிக்கு அதுவும் கிடையாது," என்று சிரித்தார். நடுப்பகலில் வெளிவேலை கூடாது என்று இந்த நாட்டில் சட்டம் உண்டு. அது ஜூன் பாதியில்தான் தொடங்கும். வெயிலுக்கு அந்தத் தேதி தெரியவில்லை.

ஆய்வகத்துக்குள் நுழைந்தால் ஊட்டி. பேராசிரியர் சென்னைக்காரர், என் வயதுதான் இருக்கும், கை குலுக்கினார். இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேசிவிட்டு, நான் தமிழிலேயே பதில் சொல்வதைப் பார்த்து இறங்கி வந்தார். சோதனைக் கருவியை இயக்குகிறவர் செல்வராஜ், முதுகுளத்தூர்ப் பக்கம். எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தவர். அவருடைய விசாவில் 'உதவியாளர்' என்று போட்டிருக்கிறது. பதினோரு வருடமாக அந்தக் கருவி அவர் கையில்தான்.

"முதல்ல எவ்வளவு கடத்துதுன்னு பார்ப்போம்ணே. அதுல தேறினாத்தான் செல்லுக்குள்ள போகும்," என்றார் செல்வராஜ். இடுக்கியால் ஒரு படலத்தை எடுத்து, விரலளவு நறுக்கி, நாலு கம்பிகளுக்கு நடுவே பொருத்தினார். அந்தக் கை நடுங்காததைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

திரையில் கோடு எழும்ப வேண்டும். எழும்பவில்லை. செத்த பாம்பாகக் கிடந்தது. இரண்டாவது துண்டையும் பார்த்தார். அதுவும் அப்படியே.

பேராசிரியர் எட்டிப் பார்த்தார். அட்டவணையில் கயலின் கல்லூரிப் பெயருக்கு எதிரே 'ஃபெயில்ட்' என்று தட்டினார். சிவப்பெழுத்து.

"வருத்தப்படாதீங்க. நல்லா ட்ரை பண்ணியிருக்காங்க. ஆனா ஃபெசிலிட்டி இல்லாத காலேஜ்ல இதுக்கு மேல எதிர்பார்க்க முடியாது," என்றார். அந்தக் குரலில் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் எரிந்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அவர் அனுதாபப்பட்டார். ஆறு வருடத்தை ஆறு நிமிடத்தில் முடித்துவிட்டு, காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டார்.

வராந்தாவுக்கு வந்து கயலை அழைத்தேன். சொன்னேன்.

"அங்க ஊர்லயே நான் பார்த்துட்டுத்தானே குடுத்தேன். நல்லா இருந்துச்சே," என்றாள். பிறகு, "டப்பாவுல தண்ணி அப்படியே இருந்துச்சா?"

கொட்டிப்போனதையும், பச்சைப் பாட்டிலையும், பனிமலையையும் சொன்னேன். நல்ல செய்தி சொல்கிற குரலில்தான் சொன்னேன். இன்னொரு கேனுக்குக் காத்திருந்தேன்.

"லேபிள்ல என்ன போட்டிருக்கு?"

"என்ன?"

"அந்தப் பாட்டில்ல, அண்ணே. கால்சியம் எவ்வளவு, மெக்னீசியம் எவ்வளவுன்னு போட்டிருப்பான். படி."

நைனாவையும் அதே அழைப்பில் சேர்த்தேன். அவன் குப்பைத் தொட்டியைக் கிளறி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு உப்பாக வாய்ப்பாடு மாதிரி சத்தமாகப் படித்தான். "சத்துள்ள தண்ணிதானே, மாப்ள, இதுல என்ன தப்பு?" என்றும் கேட்டான். கயல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆசிட்ல காய்ச்சச் சொல்லு. அங்க யாருக்காவது தெரியும்," என்று சொல்லி வைத்துவிட்டாள். என்னைத் திட்டவில்லை. அவள் என்னைத் திட்டாமல் விட்டது அதுதான் முதல் முறை.

பின்னால் யாரோ சிரித்தார்கள். செல்வராஜ். கழுவிய கண்ணாடிக் குவளைகளோடு நின்றுகொண்டிருந்தார்.

"மினரல் வாட்டரா ஊத்துனீங்க? அட அண்ணே!"

"நல்ல தண்ணின்னு நினைச்சு..."

"நல்ல தண்ணிதான். நமக்கு. இதுக்கு ஒண்ணுமே இல்லாத தண்ணி வேணும்ணே. உங்க படலம் இருக்கே, அது டவுன் பஸ் மாதிரி. சீட்டு எல்லாம் புரோட்டானுக்கு. நீங்க ஊத்துன தண்ணியில இருக்குற கால்சியம் ஏறி, ஜன்னல் வழியா துண்டு போட்டு எல்லா சீட்டையும் புடிச்சிருச்சு. புரோட்டான் படிக்கட்டுல தொங்குது. வண்டி எப்படி நகரும்?"

"எழுப்ப முடியாதா?"

"டிக்கெட் செக்கர் வந்தா எந்திரிப்பானுவ. கந்தக அமிலத்தைத் தண்ணியா கலக்கி, ஒரு மணி நேரம் சூடு பண்ணணும். அப்புறம் சுத்தத் தண்ணியில அலசணும். அம்புட்டுத்தான்."

*

பேராசிரியரிடம் போய் நானே சொன்னேன். தப்பு என்னுடையது, படலத்துடையது இல்லை, மறுபடி பாருங்கள் என்றேன். அவர் கேட்டுக்கொண்டார். மேசை மீதிருந்த பேனாவை நேராக வைத்தார்.

"ஸ்லாட் முடிஞ்சது, சார். கலாஸ். கருவியை நாளைக்குக் கண்காட்சிக்குத் தயார் பண்ணணும்."

"அப்படியென்றால் அந்தச் சொல்லையாவது மாற்றுங்கள். ஃபெயில் இல்லையே இது."

"மாத்துனா காரணம் எழுதணும். சாம்பிள் கெட்டுப்போச்சுன்னு எழுதினா, யார் கொண்டு வந்தா, எப்படிக் கொண்டு வந்தா, ஏன் ட்ரெயினிங் இல்லாத ஆள் கையில குடுத்தீங்கன்னு கேப்பாங்க. ஆறு காலேஜ் மேலயும் சந்தேகம் வரும். யோசிச்சுப் பாருங்க, ஃபெயில்னு இருக்குறதுதான் எல்லாருக்கும் க்ளீன்."

எல்லாருக்கும் சுத்தம். ஒரு பெண்ணின் ஆறு வருடத்தைத் துடைத்துத் தள்ளினால் எல்லாருக்கும் சுத்தம். பொய் சொல்லச் சொல்லியிருந்தால்கூடப் புரிந்திருக்கும். அவர் பொய்யைச் சொல்லவும் இல்லை. அது வசதியாக இருக்கிற இடத்தில் இருக்கட்டும் என்று கதவைச் சாத்தினார். ஷட்டர் இழுக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. நல்ல எண்ணெய் போட்ட ஷட்டர், அதிகம் கிறீச்சிடவில்லை.

வெளியே வந்தேன். பல்கலைக்கழகம் எனக்குப் போட்டுக் கொடுத்த விடுதி வரை நடந்தே போனேன். டாக்ஸிகள் ஒலி எழுப்பிக் கூப்பிட்டன. அந்த வெயிலில் நடக்கிறவன் பைத்தியம் என்று அவர்களுக்குத் தெரியும். மூச்சு விட முடியாத அந்த நகரத்தின் பளபளப்பு முழுவதும் என்மேல் வெந்நீராகக் கொட்டியது. கண்ணாடிக் கட்டிடங்கள் ஒன்றின் வெயிலை இன்னொன்றின்மேல் எறிந்து விளையாடின.

*

செவ்வாய் காலை செல்வராஜிடமிருந்து ஒரு வரிச் செய்தி. 'மதியம் வாங்க. தனியா.'

போனேன். ஆய்வகத்தின் சூடேற்றும் தட்டில் ஐந்து குவளைகள் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. "நாலு எங்க வேலை. அஞ்சாவது உங்களது. பத்து மணிக்கே வச்சுட்டேன். நாலு கொதிக்கிற எடத்துல அஞ்சாவதை யாரு எண்ணப் போறா?" மூன்று துண்டில் கை படாமல் மிஞ்சியிருந்த ஒன்று அது. அமிலத்தில் ஒரு மணி நேரம் முடிந்து, சுத்தத் தண்ணீரில் இரண்டாவது அலசல் ஓடிக்கொண்டிருந்தது.

எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அலசல் முடியும்வரை நாங்கள் படிக்கட்டின் அடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் அறையிலிருந்து கொண்டு வந்த சோறும் மத்தி மீன் குழம்பும். குழம்பு லேசாகப் புளித்திருந்தது.

"வெயில்ல வச்சிருந்தேன்ல. ஃப்ரிட்ஜ் பக்கம் போறதில்லண்ணே. போன வருசம் லேப் ஃப்ரிட்ஜ்ல சாப்பாட்டை வச்சதுக்கு வார்னிங் லெட்டர். தப்பு என்னதுதான், கெமிக்கல் வைக்கிற ஃப்ரிட்ஜ் அது. மூணு லெட்டர் ஆச்சுன்னா டிக்கெட் போட்டு அனுப்பிருவாங்க."

"இதைச் செய்வதற்கும் லெட்டர் வருமா?"

"தெரிஞ்சா வரும். ஸ்லாட் இல்லாம கருவிய ஓட்டுறது பெரிய குத்தம்." முள்ளைத் துப்பினார். "நான் பதினோரு வருசமா எத்தனையோ சாம்பிளுக்கு ஃபெயில் அடிச்சிருக்கேன். எல்லாம் உண்மையாவே ஃபெயில். இது ஒண்ணு என் கையால பொய்யா நிக்குது. தூக்கம் வரல. அக்காவுக்கு மட்டும் காட்டுங்க. பேராசிரியர்ட்ட வேண்டாம். சத்தியமா?"

"சத்தியமாக," என்றேன்.

துண்டை எடுத்துக் கம்பிகளுக்கு நடுவே பொருத்தினார். திரையைப் பார்த்தோம். கோடு கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு எழுந்தது. படியேறுகிற மாதிரி இல்லை. கரையில் உட்கார்ந்திருந்த கொக்கு ஒன்று சிறகை உதறிக்கொண்டு கிளம்புகிற மாதிரி. செல்வராஜ் வாயால் விசில் அடித்தார்.

"யல்லா! அண்ணே, அந்த வெளிநாட்டுச் சரக்கு இருக்குல்ல, அதுக்குப் பக்கத்துல போய் நிக்குது. அக்கா என்ன சாமானியப்பட்ட ஆளா?"

அந்தக் கோட்டை அச்செடுத்துக் கொடுத்தார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அன்றிரவு கயலுக்குப் படம் அனுப்பினேன். 'சரி' என்று ஒரே சொல் வந்தது. அரை மணி கழித்து, 'அவர் பேர் என்ன?' என்று கேட்டாள்.

*

புதன்கிழமை. விருந்தாளிகள் வந்தார்கள். அரங்கம் அப்படிக் குளிர்ந்தது, பெண்கள் சால்வை கேட்டார்கள். வெயிலைச் சேமிப்பது பற்றிய பேச்சு. ஜன்னல்களில் கனத்த திரைகள். மேசை நடுவில் சூரியத் தகடு வடிவத்தில் நீலக் கேக். கட்டம் கட்டமாக வெட்டிக் கொடுத்தார்கள். திரை இடுக்கில் பார்த்தேன். நிஜத் தகடுகளுக்கு நடுவே துணி சுற்றிய தலைகள் இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

ஆறு கல்லூரிகளின் அட்டவணை பெரிய திரையில் வந்தது. ஐந்து பச்சை. ஒன்று சிவப்பு. கயலின் கல்லூரிப் பெயரை எழுத்துப் பிழையோடு போட்டிருந்தார்கள். பேராசிரியர் அந்த வரியில் நிற்காமல் கடந்தார். பின்வரிசையில் யாரோ ஆங்கிலத்தில், "சின்ன ஊர்க் கல்லூரிகளை எடுத்தால் இதுதான்," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவர் தலையாட்டிக்கொண்டே கேக் தின்றார்.

எனக்குள் எதுவோ அறுந்தது. இப்போது உட்கார்ந்து யோசித்தால் பத்து வழி தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை. கூட்டம் முடிந்ததும் பேராசிரியரின் அறைக்குள் தட்டாமல் போனேன். மடித்த காகிதத்தைப் பிரித்து மேசைமேல் அறைந்தேன்.

"இதுதான் ஃபெயிலா? பாருங்கள்! ஃபெசிலிட்டி இல்லாத காலேஜ் செய்தது. பார்த்துவிட்டு அந்தச் சொல்லை இன்னொரு தடவை சொல்லுங்கள், கேட்கிறேன்!"

அவர் கோட்டைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். புருவம் உயர்ந்தது. ஒரு நொடி அவர் முகத்தில், எப்போதோ தொலைத்த மாணவன் ஒருவன் எட்டிப் பார்த்தான். பிறகு அவர் கண் காகிதத்தின் மேல் மூலைக்குப் போனது. அங்கே தேதியும் நேரமும் கருவியை இயக்கியவரின் குறியீட்டு எண்ணும் அச்சாகியிருந்தன. நான் அதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நான் கோட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"செல்வராஜ்," என்றார் அவர், மெதுவாக.

"இல்லை, அவர்... நான்தான் கட்டாயப்படுத்தி..." காகிதத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளப் பார்த்தேன்.

அவர் கணினியைத் திருப்பி, நான் பார்க்கும்படியே சிவப்பெழுத்தை அழித்தார். அந்த இடத்தில் 'முடிவு தெரியவில்லை, மறுமாதிரி கேட்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் தட்டினார். "உங்க சிஸ்டரை ஆறு மாசத்துல புது சாம்பிள் அனுப்பச் சொல்லுங்க. மெயில் போடுறேன்," என்றார். பிறகு தொலைபேசியை எடுத்தார். "செல்வராஜ் விஷயத்துல நான் ஒண்ணும் பண்ண முடியாது, சார். கருவியோட லாக்ல ஏறிடுச்சு. இப்ப எனக்கும் தெரிஞ்சுடுச்சு. தெரியாத வரைக்கும் தெரியாது."

அந்தக் காகிதத்தைப் பார்க்கும்வரை அது அவருக்குத் தெரியாது. தெரிய வைத்தவன் நான். கோபப்பட எனக்கு எல்லா நியாயமும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஒரு துண்டு பிளாஸ்டிக்கை நம்பாதவர்கள்மேலும், அவர்களின் நீலக் கேக்மேலும், இரண்டு நிமிட வேலைக்கு மறுத்த அந்தச் சுத்தத்தின்மேலும் என் கோபம் ஒரு சொட்டுக் குறையவில்லை. ஆனால் அதைக் கொண்டுபோய் யார் தலையில் கொட்டினேன்?

கயலிடம் சொன்னேன். "லேப் ரூம் தப்பிச்சுது," என்றாள். தொடர்ந்து, "அவரு?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். "நீ எப்பவும் இப்படித்தான், அண்ணே. வரிசையில நிக்கிறது யாரோ, போறது நீ," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

*

மாலை நான் கிளம்பும்போது செல்வராஜ் ஆறாவது வாசலில் காத்திருந்தார். வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். கையில் கயலின் அதே டப்பா, கழுவித் துடைத்து, மூடியைச் சுற்றி வெள்ளை நாடா ஒட்டியது. உள்ளே, தேறிய அந்த ஒரு துண்டு.

"லேப் தண்ணி ஊத்தியிருக்கேன். ஒண்ணுமே இல்லாத தண்ணி. அக்கா அங்க வச்சுப் பார்க்கட்டும்."

"செல்வராஜ், மன்னித்துக்..."

"லெட்டர் வந்துருச்சுண்ணே. ரெண்டாவது." சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார், பரோட்டா செருகியவர்கள் தட்டுகிற மாதிரி. "டிசம்பர்ல காண்ட்ராக்ட் புதுப்பிக்கணும். பார்ப்போம். ஒருத்தருக்கும் கெட்ட பேர் வரக்கூடாதுன்னு பார்த்தேன். நீங்க என்னடான்னா..." முடிக்கவில்லை. கோபமாக இருந்தார். கோபத்தைக் காட்டத் தெரியாத மனிதர், டாக்ஸியைப் பார்த்துக் கை காட்டினார்.

வாசலுக்கு அப்பால் தூரிகைக்காரர்களை ஏற்றிக்கொண்டு முகாம் பேருந்து கிளம்பியது. ஜன்னல்களில் துணி சுற்றிய முகங்கள், பாதி அப்போதே தூங்கிவிட்டிருந்தன. விருந்தாளிகள் போய்விட்டார்கள். தகடுகளின் மேல் புதுத் தூசி இறங்க ஆரம்பித்திருந்தது.

டாக்ஸியில் ஏறி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டேன். மூடியை ஒரு தடவை சரிபார்க்கக் கை போனது. செல்வராஜ் ஜன்னல் வழியாகக் குனிந்து என் கையைப் பிடித்துத் தள்ளினார்.

"திறக்காதீங்க. வழியில கசிஞ்சா கசியட்டும், காஞ்சா காயட்டும். அதை அக்கா நனைச்சுக்குவாங்க. நீங்க மட்டும் எதையும் ஊத்திராதீங்கண்ணே."